கலை வழிச் செல்லும் வாலிபர்கள்

நம் நாட்டில் ஒரு வாலிபன் வக்கீலாகப் போகிறேன் என்றால் பெற்றோர் மகிழ்கிறார்கள். வைத்தியனாகப் போகிறேன் என்றால் கடன் வாங்கியாவது படிக்க வைக்கிறார்கள். இஞ்சினீயர் என்றாலோ கேட்கவே வேண்டியதில்லை. அதே வாலிபன், "நான் சித்திரம் எழுதப் போகிறேன்" என்றோ, "பாட்டையே தொழிலாகக் கொள்ளப் போகிறேன்" என்றோ வாய் திறந்து சொல்லிவிட்டால், வீட்டில் துக்கச் செய்தி வந்தது போலாகிவிடுகிறது. கச்சேரி மேடையில் வித்வானுக்குப் பொன்னாடை போர்த்தி, "இது தெய்விகக் கலை" என்று பத்து நிமிஷம் பிரசங்கம் செய்த பெரிய மனிதர், வீடு திரும்பியதும் தம் குமாரனைப் பார்த்து, "உனக்கேன் இந்தப் பைத்தியம்? பிழைக்கிற வழியைப் பார்" என்கிறார். கலையைப் போற்றுவோம், ஆனால் அதை நம் வீட்டு வாயிற்படி ஏற விடமாட்டோம் என்னும் இக்கொள்கை எத்தனை காலம் செல்லும்? எல்லாப் பெற்றோரும் இப்படியே இருந்துவிட்டால் நாளைக்கு அந்த மேடையில் உட்காரப் போகிறவர் யார்?

பெற்றோரைக் குற்றம் கூறுவது எளிது. ஆனால் அவர்களுடைய அச்சத்திற்கு ஆதாரம் இல்லாமலில்லை. வித்தை கற்றவன் வறுமையில் வாடியதை அவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். ஆகையால் அவர்களைப் பழிப்பதை விடுத்து, அவர்களுடைய அச்சம் நீங்குவதற்கு வழி உண்டா என்று பார்ப்பதே நேர்மை. வழி உண்டு என்பதே நமது துணிபு. அவ்வழியைக் கண்டவர்களும் நம் சென்னை நகரத்து வாலிபர்களே என்பதை இங்கு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

மூன்று கேள்விகள்

வாலிபக் கலைஞர் நால்வர் கடற்கரை மணலிலோ காபி ஓட்டலிலோ கூடினால் அவர்களிடையே நடக்கும் சம்பாஷணை மூன்று விஷயங்களைச் சுற்றியே வரும். தம் மனம் எதன் மேல் சென்றது? அதை யாரிடம் கற்பது? எதைக் கொண்டு ஜீவிப்பது? முதற் கேள்வியைப் பேசும்போது கண்கள் ஒளி விடும். இரண்டாவதைப் பேசும்போது வாதம் மூளும். மூன்றாவது வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். அதுவரையில் ராகத்தைப் பற்றியும் வர்ணத்தைப் பற்றியும் வானளாவப் பேசியவர்கள், மாத வாடகையைப் பற்றிப் பேச வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் இதில் ஒன்றுமில்லை. பசி தீராமல் பாட்டு வராது. தூரிகை பிடிக்கும் கையும் சோறு தின்னும் கையும் ஒன்றுதான்.

தனி மனிதர் துணிவினால் இக்கேள்விக்கு விடை கண்டதும் உண்டு. ஸ்ரீ ஜி.என். பாலசுப்பிரமணியம் சென்னைக் கிறிஸ்டியன் காலேஜில் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. ஆனர்ஸ் படித்துத் தேறியவர். அக்காலத்தில் அப்பட்டத்திற்கு இருந்த மதிப்பு பெரிது. உத்தியோகம் தேடி வந்திருக்கும். ஆனால் 1928-ஆம் வருஷம், தமது பதினெட்டாவது பிராயத்தில், மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் வசந்த உற்சவத்தில் வேறொரு வித்வானுக்குப் பதிலாக மேடையேறியவர், பிறகு மேடையை விட்டு இறங்கவேயில்லை. இங்கிலீஷ் படித்த வாலிபன் சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டு கௌரவமாக வாழலாம் என்பதற்கு அவர் ஒரு சாட்சியானார். ஆயினும் எல்லோரும் ஜி.என்.பி. அல்லர். ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும் அதிர்ஷ்டத்தைக் காட்டி மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரைத் தைரியப்படுத்த முடியாது. தனி மனிதரின் துணிவு போதாத இடத்தில் கூட்டு முயற்சி என்ன செய்யும் என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

சித்திரக்காரரின் கிராமம்

சென்னை பெரியமேட்டில் உள்ள சித்திரப் பள்ளிக்கூடம் மிகப் பழையது. 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்னும் வைத்தியர் தம் சொந்த முயற்சியில் அதை ஆரம்பித்தார். இரண்டு வருஷங்களில் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. மெரினாவில் 1959-இல் நாட்டப்பட்ட உழைப்பாளர் சிலையை அமைத்த ஸ்ரீ தேவி பிரசாத் ராய் சௌதுரி நெடுங்காலம் அதன் தலைமை ஆசிரியராயிருந்தார். அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்தவர் ஸ்ரீ கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த இவர், 1944-இலேயே முற்போக்குச் சித்திரக்காரர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்.

ஸ்ரீ பணிக்கரின் மனத்தை ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. வருஷந்தோறும் திறமை வாய்ந்த வாலிபர்கள் பள்ளியிலிருந்து வெளியேறுகிறார்கள். சில வருஷங்களில் அவர்களில் பெரும்பாலோர் சித்திரத்தைக் கைவிட்டு விளம்பர வேலைக்கோ வேறு எந்த உத்தியோகத்திற்கோ போய்விடுகிறார்கள். ஐந்தாறு வருஷம் கற்ற வித்தை ஐந்தாறு மாதத்துப் பசிக்கு முன் நிற்பதில்லை. அந்நாளில் சென்னையில் படம் வாங்குவோர் விரல் விட்டு எண்ணத் தக்கவர்களே. ஆசிரியர் என்ன செய்ய முடியும்? மாணவர்களுக்குச் சிபார்சுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுத் தம் கடமை முடிந்ததென்று இருந்திருக்கலாம். அவ்வாறு இராமல், மாணவர்களோடு உட்கார்ந்து பேசினார். அப்பேச்சில் விளைந்த யோசனைதான் சோழமண்டலம்.

யோசனை எளியது. சித்திரம் விற்காது, ஆனால் அழகிய கைத்தொழிற் பொருள் விற்கும். ஆகவே, வாலிபர்கள் ஒரு கைத்தொழிற் சங்கமாகச் சேர்ந்தார்கள். பாடிக் முறையில் துணிகளில் சித்திரம் தீட்டினார்கள். உருக்கிய மெழுகைத் துணியில் கோலம் போல் இட்டுச் சாயத்தில் முக்குவதே இம்முறை. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே சாயம் புகுந்து மெல்லிய நரம்புகள் போல் ஓடும். பிறகு வெந்நீரில் இட்டால் மெழுகு கரைந்து சித்திரம் தோன்றும். இதற்கு வேண்டியவை துணி, மெழுகு, சாயம், பயின்ற கை. பெரிய முதல் வேண்டியதில்லை. தோல் வேலை, உலோக வேலை, மண்பாண்ட வேலை இவற்றிலும் கை வைத்தார்கள். விற்று வந்த பணத்தில் ஒரு பங்கைச் சங்கத்தில் சேர்த்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு, 1966-இல், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சில ஏக்கர் மணல் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். முப்பது நாற்பது பேர் இம்முயற்சியில் கூடினார்கள். மின்சார விளக்கும் இல்லாத அந்தச் சவுக்குக் காட்டை இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் மோட்டாரில் விரைந்து செல்வோர் கற்பனை செய்துகொள்ளவும் முடியாது.

இதில் சர்க்கார் மானியம் கொண்டு தொடங்கியது ஒன்றுமில்லை. ராஜாக்களின் தயவில்லை, சீமான்களின் நன்கொடைக்காகக் காத்திருக்கவில்லை. நாளின் ஒரு பகுதி கைத்தொழில், மற்றொரு பகுதி தன் மனம் விரும்பிய சித்திரம் என்று வகுத்துக்கொண்டு, தன் சம்பாத்தியத்தில் தன் கலையைக் காத்தார்கள். சுயராஜ்யம் என்பதற்குக் கலையுலகில் ஏதேனும் பொருள் உண்டானால் அது இதுதான். ஜனாப் ஜே. சுல்தான் அலி, ஸ்ரீ எஸ்.ஜி. வாசுதேவ், ஸ்ரீ எம். சேனாதிபதி, ஸ்ரீ பி. கோபிநாத், ஸ்ரீ பணிக்கரின் குமாரர் ஸ்ரீ நந்தகோபால் ஆகியோரின் பெயர்கள் தேசமெங்கும் தெரிய வந்தது இவ்விடத்திலிருந்துதான். பணிக்கர் 1977-இல் காலஞ்சென்றார். அவர் வித்திட்ட கிராமமோ இன்றும் நிற்கிறது. சென்னைச் சித்திர இயக்கத்திற்கென ஒரு காட்சிசாலையும் அங்கே உண்டு.

இரண்டு ஆட்சேபங்கள்

இம்முயற்சியைக் குறித்து அக்காலத்திலேயே முணுமுணுத்தவர்கள் உண்டு. "கைத்தொழில் செய்தால் கலை கெட்டுவிடும், துணிக்குச் சாயம் போடுகிறவன் எப்படிச் சித்திரக்காரனாவான்?" என்றார்கள். இது நம் நாட்டுக்குச் சொந்தமான எண்ணமே அன்று. சுவாமிமலையில் மெழுகில் உருச் செய்து பஞ்சலோகம் வார்க்கும் ஸ்தபதியைக் கலைஞன் என்பதா, தொழிலாளி என்பதா? காஞ்சிபுரத்துப் பட்டில் கரையை யோசித்து நெய்தவனை எந்த வகுப்பில் சேர்ப்பது? நம் முன்னோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. சென்னையிலேயே ஸ்ரீ ரெட்டப்ப நாயுடுவும் ஸ்ரீ கே.எம். ஆதிமூலமும் நெசவாளர் சேவை நிலையத்தில் உத்தியோகம் பார்த்தவர்கள். திருச்சி ஜில்லா கீராம்பூரிலிருந்து வந்த ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டுச் சித்திரங்களை யார் மறப்பார்? தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் அவர் எழுதிக் கொடுத்த எழுத்துக்களின் வடிவத்தை, அவர் பெயர் அறியாதவர்களும் கண்டு பழகியிருக்கிறார்கள். ஜீவனத்திற்குச் செய்த வேலை அவர் கையைக் கெடுக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் ஆழமானது. "கிராமம் அமைத்தால் கலை பிறந்துவிடுமா?" என்கிறார்கள். பிறக்காதுதான். கூட்டுறவு எல்லா நோய்க்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. சோழமண்டலத்தில் வாழ்ந்த ஸ்ரீ கே. ராமானுஜம் கனவுலகக் கோட்டைகளையும் விந்தை மிருகங்களையும் கோட்டுச் சித்திரமாக எழுதிய ஒப்பற்ற கலைஞர். மனத்துயரால் பீடிக்கப்பட்டிருந்த அவர் 1973-இல் இளம் வயதிலேயே தம் கையால் தம் வாழ்வை முடித்துக்கொண்டார். தோழர்கள் சூழ இருந்தும் இது நேர்ந்தது. ஆனால் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் எது? தோழமை வீண் என்பதா? அந்தத் தோழமை கிடைத்திராவிட்டால் அவர் எழுதிய சித்திரங்களும் நமக்குக் கிடைத்திரா. கலைஞனுடைய மனம் மெல்லியது என்று கவிதை பேசிவிட்டு அம்மனத்தின் நோய்க்கு மருந்து தேடாமலிருப்பது நம் சமூகத்தின் குற்றம். வயிற்றுக்குச் சோறு போல மனத்திற்கும் வைத்தியம் உண்டு என்பதை வாலிபக் கலைஞர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் வெட்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாட்டுக்காரர் சங்கம்

சித்திரத்தை விட்டு இனிச் சங்கீதத்திற்கு வருவோம். 1927-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதனோடு சங்கீத மகாநாடு ஒன்றும் நடந்தது. அதன் பலனாகவே 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றிற்று. மார்கழி மாதச் சங்கீத விழா அதிலிருந்து கிளைத்த மரம். ராஜசபைகளும் ஜமீன்களும் ஒடுங்கிய காலத்தில் வித்வான்களுக்குச் சபாக்கள் புகலிடமாயின என்பது உண்மை. ஆனால் சபாவின் மாலை நேர மேடை ஒன்று. அதை நாடும் வாலிபரோ பல நூறு பேர். மத்தியான வேளையில், சாப்பாட்டுக்குப் பின் கண் அயரும் சிலருக்கு முன்னால், சிறு சன்மானத்திற்குப் பாடுவதே வாலிபருக்குக் கிடைக்கும் முதற் படி. பக்கவாத்தியக்காரருக்குக் கொடுத்தது போகக் கையில் எது மிஞ்சும் என்று கேட்பது நாகரிகமாகாது.

இந்நிலையில் 1985-இல் சென்னையில் சில வாலிபர்கள் கூடித் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். சாஸ்திரீய சங்கீதத்திற்கான வாலிபர் சங்கம் என்பது அதன் பெயரின் பொருள். பாடுகிறவரும் வாலிபர், கேட்கிறவரும் வாலிபர் என்பது அதன் நோக்கம். ஸ்ரீ விஜய் சிவா, ஸ்ரீ சஞ்சய் சுப்பிரமணியன், ஸ்ரீ டி.எம். கிருஷ்ணா முதலியோர் இச்சங்கத்தோடு வளர்ந்தவர்கள். சங்கீதம் கிழவர்களின் பொழுதுபோக்காகிவிட்டது என்று பத்திரிகைகள் கவலைப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. அக்கவலைக்கு இவர்கள் கட்டுரையால் பதில் சொல்லவில்லை; கச்சேரியால் சொன்னார்கள். ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு, குற்றம் கண்டால் முகத்துக்கு நேரே சொல்லி, பெரியவர்களை அழைத்து விளக்கம் கேட்டு, தம்மைத் தாமே பக்குவப்படுத்திக்கொண்டார்கள். ஸ்ரீ சஞ்சய் கணக்குப் பரிசோதகர் பரீட்சையில் தேறியவர் என்பது நம் பெற்றோர் கவனிக்கத் தக்க விஷயம். கையில் ஒரு தொழில் இருந்தபடியால் கலையில் விட்டுக்கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தம் குறைந்தது. அதே வாலிபருக்கு 2015-இல் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. ஸ்ரீ கிருஷ்ணாவுக்கு 2024-இல் கிடைத்தது. பட்டம் பெரிதென்று நாம் இதைச் சொல்லவில்லை. நாலு வாலிபர் கூடிப் பேசுவது வீண் பொழுதுபோக்கு என்று எண்ணுவோருக்காகச் சொல்கிறோம்.

குருவும் சிஷ்யரும்

ஜீவனம் ஒரு புறமிருக்க, யாரிடம் கற்பது என்ற கேள்விக்கு வருவோம். குருகுலத்தின் பெருமையை நாம் அறியாதவர்கள் அல்லோம். புத்தகத்தில் எழுத முடியாத கமகத்தைச் சிஷ்யன் குருவின் பக்கத்தில் உட்கார்ந்தே பெற வேண்டும். மிருதங்கத்தின் சொல், நாதஸ்வரத்தின் மூச்சு, உளியின் சாய்வு யாவும் இப்படித்தான் கை மாறி வந்தன. ஆயினும் கேள்வி கேட்கக் கூடாத இடத்தில் அக்கிரமம் ஒளிந்துகொள்ள இடமுண்டு. 2018-இல் சங்கீத, நாட்டிய உலகைச் சேர்ந்த பெண்கள் பலர் தமக்கு நேர்ந்த கொடுமைகளை வெளிப்படையாகச் சொல்லத் துணிந்தார்கள். சென்னையின் முதன்மைச் சபை ஒன்று அவ்வருஷ மார்கழி விழாவிலிருந்து ஏழு பேரை நீக்கிற்று. குருபக்தி என்பது அநியாயத்தைச் சகிப்பதன்று. சிஷ்யையின் மானத்தைக் காக்காத குருகுலம் எத்தனை தலைமுறைப் பழமை உடையதானாலும் நமக்கு வேண்டாம்.

பெண்களின் வழி இன்னமும் கடினமாயிருந்ததை இங்கு நினைவு கூர்தல் தகும். ஸ்ரீமதி டி.கே. பட்டம்மாள் 1932-இல் மேடையேறியபோது, குலஸ்திரீ சபையில் பாடலாமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்வான்களும் இருந்தார்கள். ஆண்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியைப் பாடிக் காட்டி அவர் அந்த வாதத்தை முடித்தார். இன்று எந்தச் சபையிலும் பெண் வித்வான்கள் சரிபாதி என்று சொல்லத் தக்க அளவில் விளங்குகிறார்கள். ஆனால் தவிலையோ மிருதங்கத்தையோ கையில் எடுக்கும் பெண்ணைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவோர் இன்னும் மறைந்துவிடவில்லை.

சபா வாசலுக்கு வெளியே

இதுவரை கூறியவை எல்லாம் பட்டணத்து வாலிபரைப் பற்றியவை. தஞ்சை ஜில்லாவில் ஒரு மேளக்காரர் வீட்டுப் பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் நாதஸ்வரத்திற்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழலுக்குக் கௌரவம் வந்தது. அதை ஊதுகிறவனுக்கு வந்ததா? அவனுடைய வருமானம் முகூர்த்த நாட்களை நம்பியது. ஆடியில் முகூர்த்தமில்லை, மார்கழியிலும் இல்லை. சபா வித்வானுக்கு அறுவடை மாதமாகிய மார்கழி, கலியாண மேளக்காரருக்குப் பட்டினி மாதம்! 2020-இல் தொற்று நோய்க்காக நாடு அடைபட்டது பங்குனி மாதம். அதைத் தொடர்ந்த சித்திரை, வைகாசிகளில் கோயில் உற்சவமும் கலியாணமும் நின்று போயின. வருஷம் முழுவதும் சாப்பிட வேண்டிய வருமானம் மூன்று மாதத்தில் பறிபோயிற்று. நாதஸ்வரக்காரர், தவில்காரர், பறை, கரகம், தெருக்கூத்து ஆடுவோர் அனைவரும் ஒரே படகில் தத்தளித்தார்கள். அந்த வருஷத்திற்குப் பிறகு, "என் பிள்ளைக்கு இந்த வித்தை வேண்டாம்" என்று ஒரு தகப்பனார் சொன்னால் அவரை நாம் எந்த முகத்தோடு கண்டிப்பது?

அரசாங்கம் ஜில்லாக்களில் இசைப் பள்ளிகள் நடத்திவருகிறது. வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்று வருஷப் படிப்பாகக் கற்பிக்கிறார்கள். ஜாதி கேளாமல், பெரிய சம்பளம் கேளாமல் கற்பிக்கும் இப்பள்ளிகள் நல்ல ஏற்பாடே. ஆனால் மூன்று வருஷம் முடிந்து வெளியே வருகிற வாலிபனுக்கு அடுத்த படி எங்கே? பணிக்கர் 1960-க்குப் பின் கேட்ட கேள்வி இங்கே இன்றும் கேட்கப்படாமலே கிடக்கிறது.

மிருதங்கத்தின் கதை இன்னும் விசித்திரம். பலா மரத்தைக் குடைந்து, பசு, ஆடு, எருமைத் தோல்களைப் பதப்படுத்தி, சுருதி சேரும்படி வார் பிடித்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். வித்வானுக்குச் சமமான நாதஞானம் இல்லாமல் இத்தொழில் நடவாது. ஆயினும் அவர்கள் பெயரைச் சபையில் யாரும் உச்சரித்ததில்லை. ஸ்ரீ டி.எம். கிருஷ்ணா 2020-இல் அவர்களைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதிய பிறகே பலருக்கு அவர்கள் இருப்பது தெரிந்தது. வாத்தியம் செய்கிறவன் வீட்டுப் பிள்ளை அதை மேடையில் வாசிக்க ஆசைப்பட்டால் அவனுக்கு எத்தனை கதவுகள் திறக்கும்?

கதவு திறக்கவில்லையென்றால் வேறு வீடு கட்டிக்கொள்வோம் என்று துணிந்த வாலிபர்களையும் நாம் பார்த்துவிட்டோம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் பத்தொன்பது பேர் மேடையேறினார்கள். சினிமா டைரக்டர் பா. ரஞ்சித் அவர்களும் சங்கீதக்காரர் தென்மா அவர்களும் சேர்த்த கூட்டம் அது. வடசென்னைக் குப்பங்களில் சாவு வீட்டில் பாடப்பட்டு வந்த கானா, பறை, மேல்நாட்டு வாத்தியம் எல்லாம் ஒரே மேடையில் ஒலித்தன. ஜாதியற்றோர் கூட்டம் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்ட அவர்கள், ஜாதிக் கொடுமையையும் இட ஒதுக்கீட்டையும் பற்றிப் பாடினார்கள். இது சங்கீதமா என்று கேட்ட பெரியவர்கள் உண்டு. கேட்க வந்த ஆயிரக்கணக்கான ஜனங்கள் அக்கேள்விக்கு அங்கேயே விடை சொல்லிவிட்டார்கள். 1966-இல் சித்திரக்காரர் செய்ததும், 1985-இல் பாட்டுக்காரர் செய்ததும், 2018-இல் கானாக்காரர் செய்ததும் அடிப்படையில் ஒன்றே. தனியே நின்றால் ஒடுங்கிப் போகக்கூடியவர்கள் கூடி நின்றார்கள். பிறர் மேடை கொடுக்கும்வரை காத்திராமல் தம் மேடையைத் தாமே கட்டினார்கள்.

உரிமைப் பத்திரம்

வாலிபருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். முன்னாளில் கலைஞனை ஏமாற்றியவன் சன்மானத்தைக் குறைத்தான். இந்நாளிலோ ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாட்டையே கொண்டு போய்விடுகிறான். ஒரு பாட்டு கம்பியில்லாமல் உலகமெல்லாம் சுற்றி வருகிறது, கோடிக்கணக்கானோர் கேட்கிறார்கள், அதை எழுதியவனுக்கும் பாடியவளுக்கும் வந்தது என்ன என்றால் பதில் சொல்வாரில்லை. 2021-இல் தமிழில் வெளியாகித் தேச தேசாந்தரங்களில் கேட்கப்பட்ட ஒரு பாட்டின் புகழையும் வருவாயையும் குறித்து எழுந்த வாதங்களைப் பத்திரிகை படிப்போர் யாவரும் அறிவர். நம் தேசத்து 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தை 2012-இல் திருத்தினார்கள். சினிமாவுக்கென எழுதிய பாட்டானாலும், அது சினிமாக் கொட்டகைக்கு வெளியே சம்பாதிக்கும் பணத்தில் பாட்டெழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சம பங்கு உண்டு. அவ்வுரிமையை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்பது அத்திருத்தத்தின் சாரம். இதை அறிந்த வாலிபர் எத்தனை பேர்? ராக லக்ஷணத்தை மனப்பாடம் செய்கிறவர்கள் இச்சட்டத்தின் நாலு வரிகளையும் மனப்பாடம் செய்துகொள்வது நலம். தனியே படித்தால் விளங்காது என்றால், சங்கமாகக் கூடி ஒரு வக்கீலை அழைத்துக் கேளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

வாலிபர் தம் கடமையைச் செய்திருக்கிறார்கள். இனி நம் கடமை யாது? பொது வேலையில் ஈடுபட்டுள்ள அன்பர்களை நோக்கி ஒன்றிரண்டு விஷயங்கள் சொல்லி முடிக்கிறோம்.

நகரசபைகளுக்கும் பஞ்சாயத்துக்களுக்கும் சொந்தமான மண்டபங்கள் ஊர் தோறும் பூட்டிக் கிடக்கின்றன. வாரத்தில் ஒரு மாலை அவற்றை வாலிபக் கலைஞருக்கு வாடகையின்றித் திறந்துவிடச் சொல்லுங்கள். அவர்கள் கூடிப் பேச ஓர் இடம் வேண்டும். மேற்கொண்டு வேண்டியதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். இசைப் பள்ளிகளில் ஆசிரியர் பதவிகள் காலியாகக் கிடக்க விடாதீர்கள். அங்கே தேறியவர்களுக்கு ஆரம்பப் பாடசாலைகளிலும் கோயில்களிலும் வேலை கேட்டுப் போராடுங்கள். கலியாண வீட்டில் ஒலிநாடாவை முழக்கிவிட்டுத் தாலி கட்டுவதை நிறுத்தி, உயிருள்ள மனிதனை அழைத்து வாசிக்கச் சொல்லி, அவன் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வீடு கட்டும்போது கிரானைட் கல்லுக்குச் செலவழிக்கிற பணத்தில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கி, உங்கள் ஜில்லாச் சித்திரக்காரன் ஒருவனுடைய படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். உங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஓர் இளம் பாடகனை அழைத்தால், "மேடை கொடுக்கிறோமே, பணம் எதற்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். பந்தல் போட்டவனிடம் அப்படிக் கேட்பீர்களா?

பெற்றோர்களே! உங்கள் குமாரனோ குமாரியோ கலை வழி செல்ல ஆசைப்பட்டால், முதலில் அவர்கள் பேசுவதை முழுவதும் கேளுங்கள். கைத்தொழில் ஒன்றையும் சேர்த்துக் கற்கச் சொல்லுங்கள். அது கலைக்குப் பகையன்று என்பதை ஈஞ்சம்பாக்கத்து மணல் நமக்குக் காட்டியிருக்கிறது. யாருடன் கூடுகிறார்கள் என்று பாருங்கள். நல்ல கூட்டமானால் தடுக்காதீர்கள். வாலிபர்களே! குரல் தாழாமல் மூன்றாவது கேள்வியையும் உரக்கப் பேசுங்கள். அதற்கு விடை உங்களில் ஒருவரிடத்தும் தனியே இல்லை. நீங்கள் நாலு பேராகக் கூடும் இடத்தில் இருக்கிறது.